முதல் பாகம் சொல்கிற அக்கா

போன மாதம் என்னை ஸ்கேன் மெஷினுக்குள் தள்ளினார்கள். நெஞ்சுக்கு இல்லை, இடுப்புக்கு. ஐம்பதைத் தாண்டிய இடுப்பு, தன்னைப் படம் பிடித்தால்தான் ஆயிற்று என்று அடம்பிடித்தது. அங்கே இருந்த நர்ஸ் பெண் நல்ல சிரித்த முகம். "ஒண்ணுமில்ல சார், சும்மா படுங்க" என்றாள்.

எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. பேய் என்று சொல்லுங்கள், பிசாசு என்று சொல்லுங்கள், தாங்கிக்கொள்வேன். 'ஒண்ணுமில்ல' என்றால் மட்டும் எனக்குக் கால் தந்தியடிக்கும்.

எழுந்து உட்கார்ந்து கும்பிட்டேன். "தாயி, உள்ள போனா இன்னா இன்னா ஆவும்னு வரிசையா சொல்லிடு. மொதல்ல இன்னா சத்தம், அப்பால இன்னா சத்தம், எப்ப முடியும்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனாலும் சொன்னாள். தட்டுகிற சத்தம் வரும், நடுவில் நிற்கும், முடிந்துவிட்டதென்று நினைக்கக் கூடாது, மறுபடி வரும், அப்புறம் பலகை தானாக வெளியே வரும். அவ்வளவுதான். நான் குழந்தை மாதிரிப் போய்ப் படுத்துக்கொண்டேன். மெஷின் டக்டக்கென்று தட்ட ஆரம்பித்ததும் எனக்கு ஒரு டார்ச் லைட் ஞாபகம் வந்தது. தட்டினால்தான் எரியும் டார்ச் லைட்.

அதை வைத்திருந்தவர் எங்கள் ஊர் சினிமாக் கொட்டகையில் பெண்கள் பக்கத்து வாசலில் டிக்கெட் கிழித்தவர். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில், கடைகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் அந்தக் கொட்டகை இருந்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ், கீழே மணல், நடுவில் இடுப்பளவுக்கு ஒரு சுவர். இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். கல்யாணமாகி ஒரு வாரமான ஜோடி வந்தாலும் கொட்டகைக்குள் விவாகரத்துதான். இடைவேளையில் சுவருக்கு மேலே முறுக்குப் பொட்டலம் கைமாறும்போது மட்டும் தாம்பத்தியம்.

அவரை எல்லோரும் 'கேட் அக்கா' என்றார்கள். அவரைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும் அக்காதான். அப்போது அவருக்கு நாற்பது இருக்கும். ஒல்லி. முதலாளி கொடுத்த காக்கிச் சட்டையைப் புடவைக்கு மேலே மாட்டியிருப்பார். ஆம்பிளை அளவு, கையை நாலு மடிப்பு மடித்தும் விரல் நுனிதான் வெளியே தெரியும். பக்கத்தில் ஒரு ஸ்டூல் உண்டு. அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கிழித்த டிக்கெட்டைக் குத்தி வைக்கிற கம்பி அதில் உட்கார்ந்திருக்கும்.

படம் தொடங்கியதும் உள்ளே வந்து திரைக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வார். பெண்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டே நிற்பார். முதல் காட்சியில் வசனத்தைக் காதால் கேட்டுக்கொள்வார். அடுத்த காட்சியிலிருந்து படம் அவருக்கு மனப்பாடம். திரையை அவர் ஒருதரம்கூட நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை. கழுத்து வலி போலிருக்கிறது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது என் புத்தி அந்த அளவில்தான் வேலை செய்தது.

இப்படி நின்றுகொண்டு அவர் செய்த காரியம் ஒன்றுதான். என்ன நடக்கப் போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது.

கதாநாயகன் வெள்ளத்தில் விழுவான். பெண்கள் மூக்கைச் சிந்த முந்தானையைத் தூக்குவார்கள். டார்ச் ஒரு தட்டுத் தட்டப்படும். "அழுவாதீங்கம்மே. அவன் சாவல. அந்தாண்ட ஒரு மீன்காரன் தூக்கிக்கினு பூடுவான். இடைவேளைக்கு அப்பால தாடியோட வருவான்." முந்தானைகள் இறங்கிவிடும்.

பட்டணத்திலிருந்து வந்த ஒரு அம்மா ஒருநாள் சண்டைக்கு வந்தது. "இன்னாங்க இது, கதைய பூரா சொல்லிட்டா அப்புறம் இன்னாத்துக்கு படம் பாக்குறது?"

"இன்னா ஆவும்னு தெரிஞ்சிகினு, எப்டி ஆவுதுன்னு பாரும்மா" என்றார் அக்கா. "முன்னாடியே சொல்லிட்டா பாதி பயம் பூடும். மீதி பாதிக்குத்தான் டிக்கெட்டு."

கொட்டகைக்கு வெளியேயும் அப்படித்தான். ஊரில் ஒரு சாவு விழுந்தால் அவர் சாவு வீட்டுக்குப் போகமாட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் போவார். வெளியூரிலிருந்து அடித்துப் பிடித்து வருகிற சொந்தக்காரர்களை இறங்கும் இடத்திலேயே பிடித்துக்கொள்வார். கையைப் பற்றிக்கொண்டு நடந்துகொண்டே சொல்வார். "வாசல்ல பந்தல் போட்டுக்கீறாங்க. உள்ள நுழைஞ்சதும் சோத்தாங்கை பக்கம் படுக்க வெச்சிக்கீறாங்க. மூக்குல பஞ்சு கீது. வாய் கொஞ்சம் தொறந்துக்கினு கீது. உங்க அக்கா உன்ன பாத்ததும் ஓடியாந்து மேல உழுவா. நீ நின்னு புடிச்சிக்கோ." வருகிறவர்கள் அழுதுகொண்டேதான் கேட்பார்கள். ஆனால் அந்த வாசலில் யாரும் மயங்கி விழுந்து நான் பார்த்ததில்லை.

இப்போது என் வீரப் பிரதாபத்துக்கு வருகிறேன்.

அது 1991. அந்த வருஷம் மே மாதம் எங்கள் ஊர்த் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது உலகத்துக்கே தெரியும். அதைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. அன்றைக்கு நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அதற்கப்புறம் ஊருக்கே காது நீண்டுவிட்டது. ஹைவேயில் லாரி டயர் வெடித்தால் பத்துக் கடை ஷட்டர் இறங்கும். அப்படி ஒரு டயர் வெடித்த நாளில்தான், டீக்கடையில் நின்றிருந்த எனக்கு நெஞ்சு தாறுமாறாக அடித்து, விரல் மரத்து, மூச்சு தொண்டைக்குக் கீழே போக மறுத்தது. செத்தேன் என்று முடிவு செய்தேன். சாகவில்லை. மறுவாரம் மறுபடி செத்தேன். கவர்மென்ட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே, "வாப்பா ஹார்ட் அட்டாக்கு, ஒண்ணுமில்ல, உக்காரு" என்று சத்து மாத்திரையை எடுத்துவிடுவார். அம்மா மூன்று கறுப்புக் கயிறு கட்டினாள். ஒன்று கழுத்தில், ஒன்று இடுப்பில், ஒன்று காலில். எந்த வழியாகப் பேய் வந்தாலும் கயிறு தடுக்கி விழட்டும் என்று.

வேடிக்கை என்னவென்றால், நான் வேலை பார்த்தது பிரஸ் ஷாப்பில். தகடு அடிக்கிற மெஷின் ஷிப்ட் பூராவும் காதோரமாக டமால் டமால் என்று இடிக்கும். அதற்கு எனக்கு ஒரு பயமும் கிடையாது. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை நான் அமுக்கினால்தான் அது அடிக்கும். எப்போது அடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

இதெல்லாம் கம்பெனியில் யாருக்கும் தெரியாது. சூப்பர்வைசர் மாதிரி நடந்து காட்டுவேன், குரல் மாற்றிப் பேசுவேன், கேன்டீனில் நான் இருக்கிற மேஜையில்தான் கூட்டம். உள்ளே நடுங்குகிறவன் வெளியே கூத்தடித்தால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்பது என் கண்டுபிடிப்பு.

சினிமாவுக்கு மட்டும் விடாமல் போனேன். ஆண்கள் பக்கத்தில், நடுச்சுவரை ஒட்டி உட்கார்ந்துகொள்வேன். பெண்களைப் பார்க்க உட்காருகிறான் என்று பேர் வந்தது. வந்தால் வரட்டும், கௌரவமான பேர்தானே! உண்மையில் நான் உட்கார்ந்தது அக்கா சொல்வது காதில் விழ வேண்டும் என்பதற்காக.

அந்தச் சமயத்தில் வந்து சேர்ந்த படம்தான் 'பபூன் பேய் – இரண்டாம் பாகம்'. சிரிப்பும் திகிலும் கலந்த சித்திரம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. திகில் எங்கே என்று நாங்கள் தேடவேண்டியிருந்தது. சிரிப்பு தானாக வந்தது. பேயாக வந்த கோமாளிக்கு மூக்கு தக்காளி. நிஜத் தக்காளி. ஒரு காட்சியில் பழமாகவும் அடுத்த காட்சியில் காயாகவும் இருக்கும். கையிலிருந்த கத்தியில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றியிருந்தது. வில்லன் வயிற்றில் குத்தும்போது கத்திதான் வளைந்தது.

இதில் ஒரு சிக்கல். படத்தில் வருகிற அத்தனை பேரும் போன தடவையைப் பற்றியே பேசினார்கள். "போன தடவை தப்பிச்சே, இந்தத் தடவை விடமாட்டேன்!" என்று கோமாளி கர்ஜிக்கும். "போன தடவை உன்னை எரிச்சோமே, எப்படி வந்தே?" என்று வில்லன் அலறுவான். முதல் பாகம் எங்கள் ஊருக்கு வந்ததே இல்லை. பெண்கள் பக்கத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. "யக்கா, போன தடவ இன்னா ஆச்சு?"

டார்ச் தட்டப்பட்டது. கேட் அக்கா முதல் பாகம் சொன்னார்.

"அவன் நல்லவன்மே. சர்க்கஸ்ல பபூனு. வேல கொடுக்கறவன் லீவே உடமாட்டான். ஜொரத்தோட மேல ஊஞ்சல் ஏறுனான், கை நழுவிச்சு. கீழ உழுந்து துடிக்கிறான். கூட்டம் வித்தைன்னு நெனச்சிகினு கை தட்டுது. அவன் பொண்டாட்டி அந்தக் கூட்டத்துலதான் குந்திக்கினு கீறா. அவளும் சிரிக்கிறா. அவளுக்குத் தெரியாது பாரு."

அதற்கப்புறம் திரையில் கோமாளி வந்து நின்றபோது அங்கே ஒருத்தியும் அலறவில்லை. "அய்யோ பாவம், எளைச்சிப் பூட்டான்" என்று ஒரு குரல் வந்தது. வில்லனைக் குத்தியபோது விசில். கடைசியில் எலுமிச்சம்பழத்தைக் காட்டி மந்திரவாதி கோமாளியைப் பொசுக்கியபோது முப்பது நாற்பது பேர் விம்மி அழுதார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் ஆண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, அந்தப் பக்கம் இழவு வீடு. ஒரே படம்தான்.

மறுநாள், முதல் பாகம் கேட்பதற்காகவே பெண்கள் சீக்கிரம் வந்தார்கள். அக்கா சொன்னார், ஆனால் வேறு கதை. இந்தத் தடவை சர்க்கஸ் இல்லை, கோயில் திருவிழா. ஊஞ்சல் இல்லை, தேர்ச் சக்கரம். மூன்றாம் நாள் கோமாளி ஒரு கம்பெனியில் டபுள் ஓ.டி. பார்த்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் மேடை ஏறினான். தினம் ஒரு முதல் பாகம். எனக்கு அத்தனையும் பிடித்திருந்தது. ஒன்று மட்டும் மாறவில்லை என்பதைக் கவனித்தேன். எந்தக் கதையிலும் பொண்டாட்டி கூட்டத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆபரேட்டர் அண்ணன், அதாவது மேலே கேபினில் படம் ஓட்டுகிறவர், ஒருநாள் என் காதில் சொன்னார்: "படப்பொட்டி எடுத்தாந்தவன கேட்டேன்டா. மொதல் பாகம்னு ஒண்ணு எடுக்கவேயில்லியாம். ரெண்டாம் பாகம்னு போட்டாத்தான் மொதல் பாகம் நல்லா ஓடியிருக்கும்னு நெனச்சி ஜனம் வருமாம்!"

ஆக, அந்தப் படத்தின் முதல் பாகத்துக்கு இந்த உலகத்திலேயே ஒரே ஒரு ஆசிரியர்தான்.

முதலாளிக்கு இது எதுவும் ரசிக்கவில்லை. பேய்ப் படம் என்று போஸ்டர் ஒட்டினால் பொம்பளைகள் அழுதுகொண்டு வெளியே வந்தால் எப்படி? அவர் அக்காவைக் கூப்பிட்டு, "இந்தாம்மா, நீ டிக்கெட்டு கிழிக்க வந்தியா, கதாகாலட்சேபம் பண்ண வந்தியா? இனிமே உள்ள நின்னு வாயத் தொறந்தே, சட்டைய கழட்டி வெச்சிட்டு பூடு" என்றார். அக்காவுக்கு அந்தக் கேட்டை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். அவர் சட்டைக் கையை இன்னொரு மடிப்பு மடித்துக்கொண்டார்.

அதோடு விட்டாரா முதலாளி? இரண்டாவது ஞாயிறு மேட்னிக்கு ஒரு ஐடியா கண்டுபிடித்தார். கோமாளி முதன்முதலாகத் திரையில் பாய்கிற இடத்தில், கொட்டகைக்குள்ளேயே ஒரு நிஜக் கோமாளி பாய வேண்டும். அதுவும் பெண்கள் பக்கத்து வாசல் வழியாக. அவர்கள்தான் நன்றாக அலறுவார்களாம். கூடவே ஒரு பெரிய சத்தம். "வெடி போடலாம்னு பார்த்தேன். இப்ப இருக்கிற நெலமைல போலீஸ்காரன் என்னைத்தான் கொளுத்துவான். அதனால தகரம்" என்றார். ஆறடித் தகரம் ஒன்றைப் பின்னால் தொங்கவிட்டு, கடப்பாரையால் அவரே அடிப்பதாக ஏற்பாடு.

கோமாளியாக யாரைப் போடலாம்? ஊரில் நான் ஒருவன் இருக்கும்போது வேறு யாரைத் தேடுவார்! "நீதான் எந்நேரமும் கோமாளித்தனம் பண்ணிக்கினு திரியிறியே" என்று என் தோளில் கை போட்டார். முடியாது என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். பயந்தாங்கொள்ளி என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயத்தில், பேயாக ஒப்புக்கொண்ட ஒரே மனிதன் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை. கட்டுக்கடங்காத கூட்டம். பெண்கள் பக்கத்தில் மணலே தெரியவில்லை. மடிக்கு ஒரு குழந்தை. வெளிச்சம் வராமல் இருக்கச் சுற்றிலும் கறுப்புத் துணி. அந்தப் பக்கத்துக்கு இருந்தது அந்த ஒரே ஒரு வாசல். அதை ஒட்டி, பழைய போஸ்டர் அடுக்கி வைக்கும் பொந்தில் என்னை நிறுத்தியிருந்தார்கள். முதலாளி பட்டணத்திலிருந்து வாங்கி வந்த ரப்பர் முகமூடி, சின்னப் பிள்ளைகள் அளவு. இரண்டு பேர் இழுத்து மாட்டினார்கள். உள்ளே சைக்கிள் ட்யூப் வாசனை. வாய்க்கு இருந்த ஓட்டை என் மூக்குக்கு நேராகவும், மூக்கு ஓட்டை என் கண்ணுக்கு நேராகவும் வந்தது.

படம் தொடங்கியது. பத்து நிமிஷம் தாக்குப் பிடித்தேன். அப்புறம் அது வந்துவிட்டது. நெஞ்சு பிரஸ் மெஷின் மாதிரி இடிக்க ஆரம்பித்தது, ஆனால் பட்டன் என் கையில் இல்லை. முகமூடியைக் கழற்ற இழுத்தேன். வியர்வையில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பொந்திலிருந்து வெளியே பாய்ந்தேன். ஓடிவிடுவதென்று முடிவு. ஹைவே வரைக்கும், முடிந்தால் பெங்களூர் வரைக்கும்.

வாசலில் அக்கா நின்றிருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. 'ஒண்ணுமில்ல' என்று சொல்லவில்லை.

"நெஞ்சு அடிக்குதா?"

தலையாட்டினேன்.

"இன்னும் கொஞ்சம் ஏறும். ஏறட்டும். அப்பால வெரலு மரத்துப் பூடும். வாய் காயும். அதுக்கப்புறம் சாவப்போறோம்னு தோணும் பாரு, அதான் கிளைமாக்ஸு. அத்தோட ரீலு முடிஞ்சிது. அதுக்கு மேல அந்தப் படத்துல ஒண்ணும் கெடையாது. நீயே பாரு."

விரல் மரத்தது. வாய் காய்ந்தது. அவர் சொன்ன வரிசை மாறாமல் வந்தது. சாகப்போகிறேன் என்று தோன்றியதும், எனக்கே ஆச்சரியம், 'ஓ, கிளைமாக்ஸ்' என்று மனசுக்குள் ஒரு குரல் சொல்லிற்று. ரப்பருக்குள் நான் சிரித்துவிட்டேன். சிரித்ததும் மூச்சு கீழே இறங்கியது.

"உனக்கு எப்டிக்கா தெரியும்?"

"நான் இந்தப் படத்த நூறு தடவ பாத்துக்கீறேன் தம்பி."

உள்ளே பின்னணி இசை ஏற ஆரம்பித்தது. முதலாளி கடப்பாரையோடு தகரத்துக்குப் பக்கத்தில் நிற்பார் இந்நேரம். அக்கா அந்த ஒற்றை வாசலைப் பார்த்தார். மடிமடியாகக் குழந்தைகளை வைத்துக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார். தன் காக்கிச் சட்டையைப் பார்த்தார். அப்புறம் டார்ச்சைத் தட்டி, வெளிச்சத்தைத் தன் முகத்தின் மேலேயே அடித்துக்கொண்டார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! இப்போ ஒரு சத்தம் வரும். பெரிய சத்தம். வெடியில்ல, தகரம். மொதலாளி கடப்பாரையால அடிக்கப்போறாரு. கொயந்தைங்க காத பொத்துங்க. அப்பால ஒரு பபூன் ஓடியாருவான். அவன் பிரஸ் ஷாப்புல வேல செய்யிற நம்ம தம்பிதான். பாவம், அவனே பயந்து கெடக்கறான். யாரும் எழுந்திரிக்காதீங்க!"

டமால்!

பெண்கள் பக்கத்தில் இருநூறு ஜோடிக் கைகள் இருநூறு ஜோடிக் காதுகளைப் பொத்தியிருந்தன. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. ஆண்கள் பக்கம்தான் பார்க்க வேண்டும். விசிலடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அக்கா சொன்னது எங்கே காதில் விழுந்தது? "வெடி! வெடி!" என்று யாரோ கத்த, பெஞ்சுகள் சாய, மொத்தக் கூட்டமும் பின்பக்கம் திரும்பிப் பாய்ந்தது. முதல் ஆளாகக் கீழே விழுந்தவர் கடப்பாரையோடு நின்ற முதலாளி. அவர் மேல் ஏறி மிதிக்கப் போன நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. நூற்றுக்கணக்கான பெண்களின் சிரிப்பு. ஓடினவர்கள் அப்படியே நின்றார்கள்.

"பொம்பளைங்க சிரிக்கறாங்கடா. அப்போ ஒண்ணும் கெடையாது" என்றது ஒரு குரல். வேட்டியைக் கட்டிக்கொண்டு, செருப்பைத் தேடிக்கொண்டு, ஒவ்வொருவராகத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். முதலாளிக்கு முழங்கையில் சிராய்ப்பு. வேறு யாருக்கும் எதுவும் இல்லை.

நான் பாய வேண்டிய இடம் எப்போதோ போயிருந்தது. கடமை என்று ஒன்று இருக்கிறதே, தள்ளாடிக்கொண்டு உள்ளே போனேன். "தோ வந்துட்டான் பாவம்" என்றார்கள். "மூச்சு முட்டுதுடி புள்ளைக்கு" என்று இரண்டு பேர் சேர்ந்து முகமூடியை இழுத்துப் பிய்த்து எடுத்தார்கள். ஒருத்தி சோடா கொடுத்தாள். ஒருத்தி முந்தானையால் விசிறினாள். கொடூரப் பேய்க் கோமாளி பெண்கள் நடுவில் மணலில் உட்கார்ந்து சோடா குடித்தபடி மீதிப் படத்தைப் பார்த்தது. கடைசியில் திரையில் கோமாளி எரிந்தபோது நானும் அழுதேன்.

அன்றே அக்காவைப் போகச் சொல்லிவிட்டார் முதலாளி. அக்கா சட்டையைக் கழற்றி நாலாக மடித்து ஸ்டூலில் வைத்தார். டார்ச்சை அதன் மேல் வைத்தார். "தட்டுனாத்தான் எரியும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பெண்கள் கேட்டில் முதலாளியே நின்றார். வந்தவர்கள் டிக்கெட்டை நீட்டாமல், "மொதல் பாகம் யாரு சொல்றது?" என்றார்கள்.

"நான் சொல்றேன். அது வந்து... ஒரு ஊர்ல ஒரு கோமாளி..."

"அவன் பொண்டாட்டி எங்க குந்திக்கினு இருந்தா?"

முதலாளிக்குத் தெரியவில்லை. அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். அதற்கு மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் மத்தியானம் ஆபரேட்டர் அண்ணனைச் சைக்கிளில் அனுப்பினார், அக்காவைக் கூட்டி வர. நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

வழியில், செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து காற்று எதிரே அடிக்க, மிதிக்க முடியாமல் அண்ணன் இறங்கித் தள்ளினார். "உனக்கு ஒண்ணு தெரியுமாடா? அவங்க ஏன் திரைய பாக்கமாட்டாங்கன்னு" என்றார்.

"கழுத்து வலி."

அவர் சிரிக்கவில்லை. "ஏழெட்டு வருசம் முந்தி அவங்க படம் பாக்க வருவாங்கடா, எல்லாரையும் போல. அன்னிக்கு காமெடி படம். கொட்டாயே சிரிக்குது. கீழேர்ந்து ஒரு சீட்டு வந்துது, இன்னாரை வெளிய அனுப்பச் சொல்லி. நான்தான் கண்ணாடில அவங்க பேர எழுதி ஸ்லைடு போட்டேன். சிரிச்சிக்கினு இருந்தவங்க தன் பேர அவ்ளோ பெரிசா திரைல பார்த்து எழுந்து வந்தாங்க. வாசல்ல நாலு பேர். யாரும் ஒண்ணும் சொல்லல. 'ஒண்ணுமில்ல வா, ஒண்ணுமில்ல வா'ன்னே ஆஸ்பத்திரி வரைக்கும் கூட்டிக்கினு போனாங்க. வூட்டுக்காரர் லாரில அடிபட்டு அதுக்கு முன்னாடியே முடிஞ்சி போயிருந்துது. அந்தத் துணிய தூக்கற வரைக்கும் அவங்களுக்கு யாரும் சொல்லல."

சைக்கிள் கொஞ்ச தூரம் தானாக உருண்டது போல இருந்தது. தினம் ஒரு முதல் பாகம் கேட்டேனே, அத்தனையிலும் மாறாத அந்த ஒரு ஆள் எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று இப்போது தெரிந்தது.

அக்கா வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "நேத்தே வருவீங்கன்னு பாத்தேன். ஒரு நாள் லேட்டு" என்றார். அண்ணன் விஷயத்தைச் சொன்னார். முதலாளி வரச் சொன்னார், வாயைத் திறந்தாலும் பரவாயில்லையாம்.

அக்கா கீரையை உதறினார். "வரேன். ஒண்ணே ஒண்ணு. இனிமே பேரு எழுதி ஸ்லைடு போடக் கூடாது. யாரையாவது கூப்புடணும்னா என்னாண்ட சொல்லு. நான் போய் பக்கத்துல குந்தி, கைய புடிச்சிக்கினு, இன்னா நடந்துதுன்னு சொல்லி கூட்டியாறேன்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே, "சரிம்மா" என்றார். அந்தக் கொட்டகை இருந்த வரைக்கும் அப்படித்தான் நடந்தது. பெண்கள் பக்கத்துக்கு மட்டுமில்லை. ஆண்கள் பக்கத்துக்கும் அவரே சுவரைச் சுற்றிக்கொண்டு வருவார்.

கிளம்பும்போது நான் என்னவோ சொல்ல வேண்டும் என்று நின்றேன். நன்றி என்றெல்லாம் எங்கள் பக்கத்தில் நேருக்கு நேர் சொல்லிப் பழக்கமில்லை. சொன்னால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். "யக்கா, அன்னிக்கு நீ சொன்ன மாரியேதான் ஆச்சு" என்றேன்.

"ஆவும்" என்றார். "ஆனா ரெண்டாம் பாகம் வரும். மூணாம் பாகமும் வரும். வந்தா வரட்டும். உனக்குத்தான் மொதல் பாகம் தெரியுமே."

வந்தது. ஷிப்ட் பஸ்ஸில் வந்தது, கல்யாண மேடையில் தாலி கட்டும்போது வந்தது, என் மகள் பிறந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்தது. ஒவ்வொரு தடவையும் வரிசை மாறாமல்தான் வந்தது. நெஞ்சு, விரல், வாய், கிளைமாக்ஸ். ஒவ்வொரு தடவையும் ரீல் முடிந்ததும் அந்த அக்காவைக் கும்பிட்டுக்கொண்டு எழுந்தேன்.

இதை எழுதச் சொன்ன நண்பர், அக்காவின் பெயரை ஏன் எங்கேயும் போடவில்லை என்று கேட்டார். மறந்துபோய்விட்டதோ என்று நினைத்தார் போலிருக்கிறது. மறக்கவில்லை. ஒருதரம் அந்தப் பெயரை வெள்ளையில் பெரிதாக எழுதிக் காட்டினார்கள், அவரிடம் எதுவும் சொல்லாமல். இன்னொரு தரம் நான் எழுத வேண்டாம்.